பயிலுநர் மெக்கானிக்குக் கட்டுப்படியாகும் செலவில் கார் பழுதுபார்ப்புத் தகவல் எங்கே கிடைக்கும்?

கேள்வி: புதுப்பயிலுநர்

அனைவருக்கும் வணக்கம். பல நிறுவனங்களின் கார்களும் வந்துபோகும் ஒரு பணிமனையில் பயிலுநராக வேலை கற்றுவருகிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, சஸ்பென்ஷன் புஷ் மாற்றுவது போன்ற வேலைகளை இப்போது என் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அண்மைக் காலமாக இஞ்சினைத் திறக்கும் வேலைகளிலும், மின்கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வேலைகளிலும் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிக்கல் தொடங்குவதே அங்கேதான். எங்கள் மூத்த மெக்கானிக் தமக்குப் பழக்கமான இஞ்சின்களின் அளவுகளை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். பழக்கமில்லாத மாடல் வந்துவிட்டால் இருவருமே கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

இப்போது எங்களிடம் நிற்கும் இரண்டு கார்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஒன்றில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) மாற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை எந்த அளவுக்கு முறுக்குவது என்று தேடியபோது, ஒரு தளத்தில் 60 நியூட்டன் மீட்டர் என்றும், இன்னொரு தளத்தில் அலகு எதுவும் குறிப்பிடாமல் 44 என்றும், ஒரு காணொளியில் முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி என்றும் இருந்தது. மூன்றும் ஒரே இஞ்சினுக்கு என்றுதான் சொல்கிறார்கள். மற்றொரு காரில், கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் பி0335 (P0335) என்ற கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடை (code), காட்டியது. இஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க்ஷாஃப்ட் சென்சரைப் புதிதாக மாற்றியும் அந்தக் கோடு திரும்ப வந்துவிட்டது. வயரிங் டயகிராம் இருந்தால் கம்பியைத் தொடர்ந்து சென்று பார்க்கலாம். அது எங்களிடம் இல்லை.

பணிமனைகளுக்கென்று விற்கப்படும் தகவல் தொகுப்புகளின் ஆண்டுச் சந்தாவைப் பார்த்தேன். ஒரு பயிலுநரின் சம்பளத்தில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. நேர்மையான வழியில், குறைந்த செலவில் அல்லது இலவசமாக, நம்பத்தகுந்த தகவலை எங்கிருந்து பெறலாம்? ஒன்றுக்கொன்று முரணான அளவுகள் கிடைக்கும்போது எதை நம்புவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: இஞ்சின் வேலை

தம்பிக்கு வணக்கம். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். போல்ட்டில் ஸ்பேனரை வைத்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். முதலில் அந்த மூன்று அளவுகளைப் பார்ப்போம், ஏனென்றால் தகவலை எப்படிச் சோதிப்பது என்பதற்கு அவையே போதும். அலகில்லாத அந்த 44, அடி-பவுண்டு கணக்கில் எழுதப்பட்டதாகவே இருக்க வேண்டும். ஓர் அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 1.356 நியூட்டன் மீட்டர். 44-ஐ அதனால் பெருக்கினால் கிட்டத்தட்ட 60 வந்துவிடும். ஆகவே முதல் இரண்டு தளங்களும் சொல்வது ஒரே அளவைத்தான். இதில் உள்ள ஆபத்தையும் கவனியுங்கள்: யாராவது 60 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அடி-பவுண்டு அளவுகோலில் முறுக்கினால் அது 81 நியூட்டன் மீட்டராகிவிடும். அலுமினிய பிளாக்கில் மரையைப் பிய்த்துக்கொண்டு வருவதற்கு அந்த வேறுபாடு போதும்.

மூன்றாவது அளவு வேறு வகையைச் சேர்ந்தது. ஓர் அளவுக்கு முறுக்கிவிட்டு, அதன்பின் கோணத்தை அளந்து திருப்பச் சொல்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அவை சற்றே நீளும்படி வடிவமைக்கப்பட்ட போல்ட்டுகள். அத்தகைய போல்ட்டுகளைப் பொதுவாக ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். கழற்றினால் புதியவற்றை வாங்கிப் போட வேண்டும். ஒரே இஞ்சின் பல ஆண்டுகள் தயாரிப்பில் இருக்கும்போது, இடையில் போல்ட்டையோ கேஸ்கெட்டின் வகையையோ நிறுவனம் மாற்றுவது வழக்கம்தான். அதனால் உங்களுக்குக் கிடைத்த இரண்டு முறைகளும் தத்தம் காலத்து இஞ்சினுக்குச் சரியாகவே இருக்கலாம். உங்கள் பணிமனையில் நிற்கும் கார் எந்தக் காலத்தது, அதில் எந்தப் போல்ட் இருக்கிறது என்பதே கேள்வி. அதற்கு விடை தருவது காரின் 17 எழுத்து அடையாள எண்ணும் இஞ்சின் எண்ணும்தான். மாடல் பெயரை வைத்து மட்டும் தேடினால் இந்தக் குழப்பம் ஒருநாளும் தீராது. எந்தத் தகவலைத் தேடப் போனாலும் இந்த இரண்டு எண்களையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள்.

இனி, தகவல் எங்கே கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். பலரும் கவனிக்காமல் விடும் இடம் உதிரிபாகம் தயாரிக்கும் நிறுவனங்கள். கேஸ்கெட் செய்யும் எல்ரிங், விக்டர் ரைன்ஸ் போன்ற நிறுவனங்களுக்குத் தங்கள் கேஸ்கெட் தவறாகப் பொருத்தப்பட்டு ஒழுகினால் கெட்ட பெயர் தங்களுக்குத்தான் வரும் என்பது தெரியும். ஆகவே இஞ்சின் வாரியாகப் போல்ட் முறுக்கும் வரிசையையும் அளவையும் கோணத்தையும் அவர்களே தருகிறார்கள். சில சமயம் கேஸ்கெட் பெட்டிக்குள்ளேயே அந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் வாங்கப்போகும் கேஸ்கெட்டின் பாக எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். டைமிங் பெல்ட்டுக்குக் கேட்ஸ், கான்டினென்டல் ஆகியவை இவ்வாறே பொருத்தும் முறையை வெளியிடுகின்றன. கிளட்ச், பேரிங் ஆகியவற்றுக்கு ஷேஃப்ளர் நிறுவனத்தின் ரெப்எக்ஸ்பர்ட் தளம் இருக்கிறது. இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இவர்களுடைய பயிற்சிக் காணொளிகள் யாரோ கைப்பேசியில் பிடித்துப் போடும் காணொளிகளைப் போன்றவை அல்ல. எந்தச் சிறப்புக் கருவி தேவை, எந்தப் போல்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது, பெல்ட் இழுவையை எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நிதானமாகக் காட்டுவார்கள்.

ஸ்பார்க் பிளக் போன்ற சின்ன வேலைக்குக்கூட இது பொருந்தும். என்ஜிகே நிறுவனம் மரையின் விட்டத்தையும் ஹெட் எந்த உலோகம் என்பதையும் வைத்தே அளவைத் தருகிறது. அலுமினிய ஹெட்டில் வாஷருடன் வரும் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 வரைதான். அதோடு, தங்கள் பிளக்கின் மரை ஏற்கெனவே பூச்சு பெற்றது என்பதால் அதன் மேல் வழுக்கும் பசை எதையும் தடவக் கூடாது என்றும் சொல்கிறார்கள். மரையில் வழவழப்பு கூடினால், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) அதே எண்ணைக் காட்டும்போதும் போல்ட் உண்மையில் கூடுதலாக இழுபட்டிருக்கும். இதே காரணத்தால்தான் ஹெட் போல்ட்டின் மரைக்கு எண்ணெய் தடவ வேண்டுமா, உலர்வாகப் போட வேண்டுமா என்று குறிப்பில் எழுதியிருப்பதை வரிவிடாமல் படிக்கச் சொல்கிறேன். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பாதித் தகவல்தான் வந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: போல்ட் துளைக்குள் தண்ணீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் வெளியேற வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். துளைகளைத் துடைத்து, காற்றடித்து உலர்த்திய பிறகே முறுக்கத் தொடங்குங்கள்.

உரிமையாளர் கையேட்டை யாரும் மதிப்பதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் அதைப் பிடிஎஃப் வடிவில் இலவசமாகவே தருகின்றன. ஆயிலின் தரமும் கொள்ளளவும், கூலன்ட் வகை, ஃபியூஸ் பெட்டியின் படம், பல்புகளின் வகை, டயர் காற்றழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். உதிரிபாகப் பட்டியல்களில் வரும் பிரித்துக் காட்டும் படங்களும் அப்படித்தான். எந்த வாஷருக்குப் பின் எந்தச் சீல் வருகிறது, எத்தனை போல்ட்டுகள், ஒரு பாகத்தின் பழைய எண்ணுக்குப் பதிலாக எந்தப் புதிய எண் வந்திருக்கிறது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். அடையாள எண்ணைக் கொடுத்து இந்தப் பட்டியலில் தேடினாலே உங்கள் காரில் இருப்பது பழைய ஹெட் போல்ட்டா புதியதா என்பது தெரிந்துவிட வாய்ப்பு அதிகம்.

இவற்றுக்கெல்லாம் பிறகுதான் காசு கொடுக்கும் இடம் வருகிறது. அங்கும் ஆண்டுச் சந்தா ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். கார் நிறுவனங்கள் பலவும் தங்கள் சர்வீஸ் தகவல் தளத்தைக் குறுகிய காலத்துக்கும் திறந்துவிடுகின்றன. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எர்வின் தளத்தில் ஒரு மணி நேர அளவிலும், டொயோட்டாவின் அமெரிக்கத் தளத்தில் இரண்டு நாள் அளவிலும் அனுமதி வாங்க முடியும். அந்தச் செலவை அந்த வேலையின் கணக்கிலேயே சேர்த்து வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். ஹெட்டை மறுபடி கழற்றுவதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே உங்களுக்கு வேண்டியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பிரிக்கும் முறை, முறுக்கும் அளவுகள், அந்தச் சுற்றின் வயரிங் டயகிராம், இணைப்பான்கள் காரில் எங்கே இருக்கின்றன என்ற படம், அந்தக் கோடுக்குரிய சோதனை வரிசை. அச்செடுக்கவோ சேமித்துக்கொள்ளவோ அந்தத் தளம் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பதையும் முன்னதாகவே படித்துவிடுங்கள்.


பதில் 2: மின்சுற்று

முதல் பதிலில் சொன்னவற்றோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். நான் பி0335 பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே தேவைப்படுவது விலைகொடுத்து வாங்கும் தகவலைவிடப் பொதுவான அறிவுதான்.

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு பி-க்குப் பிறகு பூஜ்யம் வரும். அவற்றின் பொருளைத் தெரிந்துகொள்ள யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. பி1 என்று தொடங்குபவை அந்தந்த நிறுவனம் தானே வைத்துக்கொண்டவை. ஒரே எண் இரண்டு நிறுவனங்களில் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கலாம். ஆகவே பி1 கோடு வந்தால் அந்த நிறுவனத்தின் ஆவணத்தைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். உங்கள் பி0335 பொதுக் கோடு. அது சொல்வது கிராங்க்ஷாஃப்ட் சென்சரின் சுற்றில் கோளாறு என்பதைத்தான். சென்சர் கெட்டுவிட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. சுற்று என்றால் சென்சர், அதற்கு வரும் மின்சாரம், எர்த், சிக்னல் கம்பி, இணைப்பான், கண்ட்ரோல் யூனிட் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாமும் சேர்ந்தது. சென்சர் எதிரே சுழலும் பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தாலும், சென்சரின் காந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலும், இடைவெளி மாறியிருந்தாலும் சிக்னல் கெடும்.

டயகிராம் கைக்கு வரும் முன்பே நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. முதலில் கோடு பதிவான நொடியில் இஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை ஸ்கேனரில் பாருங்கள். அந்தப் பதிவு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பெயரில் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது வந்ததா, சூடேறிய பிறகு வந்ததா என்பதே தேடலைப் பாதியாகக் குறைக்கும். பிறகு சென்சரின் இணைப்பானைக் கழற்றிப் பின்களை எண்ணுங்கள். மூன்று பின்கள் இருந்தால் பெரும்பாலும் அது ஹால் வகை, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் பெற்று, காந்தப்புல மாற்றத்தைக் கண்டு சிக்னல் தருவது. இக்னிஷனைப் போட்டு, கம்பிப் பக்கத்து இணைப்பானில் ஒவ்வொரு பின்னையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு ஒப்பிட்டு டிஜிட்டல் மல்டிமீட்டரில் அளந்தால், ஒன்று மின்சாரம் தரும் பின்னாக இருக்கும். அது 5 வோல்ட்டாகவோ பேட்டரி அளவாகவோ இருக்கலாம். ஒன்று பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், அது எர்த். மூன்றாவது சிக்னல், அதிலும் கண்ட்ரோல் யூனிட்டிலிருந்து ஒரு மின்னழுத்தம் வந்து நிற்பது வழக்கம். இந்த மூன்றில் ஒன்று காணாமற்போயிருந்தால் புதுச் சென்சர் எத்தனை போட்டாலும் பயனில்லை.

இரண்டு பின்கள் மட்டும் என்றால் அது காயில் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மின்தடையைச் சென்சரிலேயே அளக்கலாம். இஞ்சினைச் சுழற்றும்போது மாறுதிசை மின்னழுத்தம் எழுகிறதா என்றும் பார்க்கலாம். ஹால் சென்சருக்குள் ஓம் மீட்டரை வைக்காதீர்கள். அந்த எண்ணால் எதுவும் தெரியாது, சென்சரும் கெடலாம். சோதனை விளக்கைச் சென்சர் கம்பிகளில் வைப்பதும் கூடாது, ஏனென்றால் அந்த விளக்கு இழுக்கும் மின்னோட்டத்தைக் கண்ட்ரோல் யூனிட் தாங்காமற்போகலாம். கம்பியின் உறையைக் குத்தி அளக்கும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். குத்திய இடத்தில் ஈரம் இறங்கிப் பல மாதங்கள் கழித்துச் செம்பு பச்சையாகி அரித்துப்போகும். அப்போது வரும் கோளாறைக் கண்டுபிடிப்பவர் படும் பாடு சொல்லி முடியாது. இணைப்பானின் பின்புறமாக மெல்லிய ஊசிமுனையை நுழைத்து அளப்பதே முறை.

வயரிங் டயகிராம் படிப்பதற்கும் ஒரு பொது மொழி உண்டு. ஜெர்மானியத் தரநிலையான டிஐஎன் 72552 முனைகளுக்கு எண் கொடுத்திருக்கிறது. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்சாரம், 15 இக்னிஷன் போட்ட பிறகு வருவது, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அடியில் பொறித்திருக்கும் 85, 86 காயிலின் இரு முனைகள். 87 வெளியே போகும் முனை. ஜெர்மன் கார்கள் மட்டுமல்ல, உலகெங்கும் புழங்கும் ரிலேக்களில் இந்த எண்கள் இருக்கின்றன. இதை ஒரு முறை மனத்தில் ஏற்றிக்கொண்டால், ஒரு நிறுவனத்தின் டயகிராமைப் படித்த பழக்கம் அடுத்த நிறுவனத்துக்கும் கைகொடுக்கும். அதேபோல் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 16-ஆம் பின் பேட்டரி, 4-ஆம் பின் எர்த், 6-உம் 14-உம் கேன் இணைப்பு (கண்ட்ரோல் யூனிட்டுகள் தமக்குள் தகவல் பரிமாறும் கம்பிகள்) என்பதும் பொதுவானது. பேட்டரியைக் கழற்றி வைத்து 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும், ஏனென்றால் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இரண்டும் இணையாக நிற்கின்றன. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது என்று பொருள். சில கார்களில் சாக்கெட்டுக்கும் அந்தக் கம்பிகளுக்கும் இடையே கேட்வே என்ற இடைநிலை யூனிட் இருந்து கணக்கை மாற்றும். அதற்கு மட்டும் அந்த நிறுவனத்தின் டயகிராம் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஏர்பேக் சுற்றில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். மீட்டர் தரும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யும் வாய்ப்பு உண்டு. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பி தெரிந்தால் பயிற்சி பெறாமல் தொடாதீர்கள். அந்த இரண்டு இடங்களிலும் நிறுவனத்தின் எழுத்துமூலமான நடைமுறை கையில் இல்லையென்றால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே சரி.


பதில் 3: பயிற்றுநர்

தொழிற்பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சில வழிகளைச் சேர்க்கிறேன். உங்கள் பயிற்சி நிலையத்துக்கு ஏதேனும் தகவல் தொகுப்புச் சந்தா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆட்டோடேட்டா, ஹேன்ஸ்புரோ, ஆல்டேட்டா போன்றவற்றைப் பல நிலையங்கள் வைத்திருக்கின்றன. ஆனால் வகுப்புக்கு வெளியே மாணவர்கள் அதைப் பார்க்கலாம் என்பதையே பலருக்கும் சொல்வதில்லை. வட அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் நூலக அட்டை ஒன்றே போதும். சில்டன், எப்ஸ்கோ ஆகியவற்றின் பழுதுபார்ப்புத் தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். உங்கள் ஊர் நூலகத்திலும் கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

அச்சுக் கையேடுகளைப் பழைய புத்தகக் கடைகளில் பார்த்தால் விடாதீர்கள். ஹேன்ஸ் நிறுவனம் 1966 முதல் ஒரு காரை முழுவதும் பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதிய கையேடுகளை வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு அச்சுக் கையேடு போடப்போவதில்லை என்று 2020-இன் இறுதியில் அறிவித்துவிட்டார்கள். ஆனால் பணிமனைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை பழையவைதாமே. இந்தக் கையேடுகளில் வரும் வயரிங் டயகிராம்கள் சுருக்கப்பட்டவை. ஆனால் பிரித்துப் பூட்டும் வரிசையைக் கற்பதற்கு இந்தக் கையேடுகள் மிக நல்லவை.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ, கார் நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பச் செய்திகளைத் தன் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. மாடலையும் ஆண்டையும் கொடுத்தால் போதும். ஒரே கோளாறு ஆயிரக்கணக்கான கார்களில் வந்து, நிறுவனமே அதற்குத் தீர்வு எழுதியிருந்தால், அது அங்கே இருக்கும். உங்கள் நாட்டில் விற்கும் காரின் இஞ்சின் அங்கே விற்பதோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 விதிமுறை 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மணி, நாள், மாதம், ஆண்டு என்ற அளவுகளில் தகவலுக்கு அனுமதி தர வேண்டும் என்றும், கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்றும் அது நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. முதல் பதிலில் சொன்ன ஒரு மணி நேர அனுமதி யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, 2014-இல் நாடு முழுவதற்குமான உடன்பாடு ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள திட்டத்தில், தனிப் பணிமனைகளோடு பதிவுபெற்ற பயிற்சி நிறுவனங்களும் தகவலை வாங்கும் உரிமை பெற்றிருக்கின்றன. கற்பவர்களுக்கும் இந்தத் தகவல் தேவை என்பதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். உங்கள் நாட்டு விதி என்ன என்பதை உங்கள் பயிற்சி நிலையத்தில் கேட்டறிந்து, அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள்.


மீண்டும்: புதுப்பயிலுநர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இஞ்சின் எண்ணை வைத்து உதிரிபாகப் பட்டியலில் பார்த்தேன். எங்கள் காரில் இருப்பது பிற்காலத்து வகைப் போல்ட் என்றே தெரிகிறது. புதிய போல்ட்டுகளையும் சேர்த்து வாங்கும்படி மூத்த மெக்கானிக்கிடம் சொன்னேன். கேஸ்கெட் நிறுவனத்தின் தாளைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். சென்சரைப் பொறுத்தவரை, மூன்று பின் வகை. மின்சாரமும் எர்த்தும் சரியாக இருக்கின்றன. மூன்றாவது பின்னில் ஒன்றும் இல்லை.

இன்னொரு ஐயம். எல்லா நிறுவனங்களின் சர்வீஸ் மேனுவலும் வயரிங் டயகிராமும் அடங்கியது என்று சொல்லி, ஒரு ஹார்டு டிஸ்க்கை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?


பதில் 4: இஞ்சின் வேலை

வாங்க வேண்டாம். பிறருடைய உரிமையுள்ள பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்து விற்கிறார்கள் என்பது முதற்காரணம். அது ஒன்றே போதும். வேலையின் கோணத்திலிருந்து பார்த்தாலும் அது உதவாது. அந்தத் தொகுப்பு எந்த ஆண்டோடு நின்றுபோனது என்று தெரியாது. அதற்குப் பின் நிறுவனம் திருத்திய அளவுகள் அதில் வராது. உங்கள் போல்ட் விஷயத்தில் நடந்தது அதுதான்: பழைய அளவை நம்பியிருந்தால் புதிய போல்ட்டைப் பழைய முறையில் முறுக்கியிருப்பீர்கள். மேலும் அதை நிறுவும்போது கணினியின் வைரஸ் பாதுகாப்பை நிறுத்தச் சொல்வார்கள். பணிமனையின் ஸ்கேனர் மென்பொருளும் வாடிக்கையாளர்களின் விவரங்களும் இருக்கும் கணினியில் அதைச் செய்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

பணிமனை உரிமையாளரிடம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். சந்தாவை ஒரு பயிலுநர் தன் கையிலிருந்து கட்டுவது முறையாகாது. டார்க் ரெஞ்சைப் போல அதுவும் பணிமனையின் கருவிதான். எந்த நிறுவனக் கார்கள் அதிகம் வருகின்றன என்று சில மாதங்களுக்குக் குறித்து வைத்து, அந்தக் குறிப்போடு போய்ப் பேசினால் அவரும் செவிகொடுப்பார். ஒரே நிறுவனத்தின் கார்கள் மிகுதியாக வந்தால் அந்த நிறுவனத்தின் தளமும், கலவையாக வந்தால் பல நிறுவனங்களுக்குமான தொகுப்பும் கட்டுப்படியாகும்.


பதில் 5: மின்சுற்று

மூன்றாவது பின்னில் ஒன்றும் இல்லை என்றால், பெரும்பாலும் அந்தக் கம்பி வழியில் அறுந்திருக்க வேண்டும், எர்த்தோடு உரசியிருக்க வேண்டும், அல்லது கண்ட்ரோல் யூனிட்டிலிருந்தே அது புறப்படாமல் இருக்க வேண்டும். சில கார்களில் அந்த மின்னழுத்தத்தைச் சென்சரே தருவதும் உண்டு என்பதால், டயகிராம் இல்லாமல் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த நிறுவனத்தின் தளத்தில் குறுகிய கால அனுமதி வாங்க வேண்டிய இடம் இதுதான். உள்ளே போனதும் இஞ்சின் கண்ட்ரோல் யூனிட்டின் டயகிராமில் அந்தச் சென்சர் வரும் பக்கத்தை எடுங்கள். அதோடு, கண்ட்ரோல் யூனிட் இணைப்பானின் பின் வரிசைப் படம், சென்சரிலிருந்து அதுவரை கம்பிக்கற்றை எந்த வழியாகப் போகிறது என்ற படம், இடையில் வேறு இணைப்பான் இருந்தால் அதன் இடம், பி0335-க்கான சோதனைப் பக்கம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின் வரிசைப் படத்தில் இணைப்பானை முகப்புப் பக்கமிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்களா, கம்பிப் பக்கமிருந்தா என்று ஓரத்தில் சிறிய குறிப்பு இருக்கும். அதைப் பார்க்காமல் எண்ணத் தொடங்கினால் இடம் வலமாகிவிடும்.

பிறகு பேட்டரியைக் கழற்றி, கண்ட்ரோல் யூனிட் பக்கத்து இணைப்பானையும் கழற்றி, இரு முனைகளுக்கும் இடையே அந்தக் கம்பியின் தொடர்ச்சியை அளந்து பாருங்கள். அளந்துகொண்டிருக்கும்போதே கற்றையை, இஞ்சின் அசையும் இடத்திலும் எக்ஸாஸ்ட் அருகிலும், கையால் மெல்ல அசையுங்கள். எண் துள்ளினால் அந்த இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். தொடர்ச்சி சரியாக இருந்தால், அதே கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டு, இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.